கணித அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

கணித சாஸ்திரத்தில் தமிழ்நாட்டின் பெயரை உலகமறியச் செய்தவர் யார் என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று சொல்லுவான். அது நியாயமே. ஆனால் ராமானுஜனுக்குப் பிறகு யார் என்று அடுத்த கேள்வியைப் போட்டால், நன்கு படித்தவர்களும் தயங்குகிறார்கள். தயங்குவதற்கு அவசியமில்லை. குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் கிராமத்தில் பிறந்து, சிதம்பரத்தில் இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்து, நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய அறிஞர்களைத் திணற வைத்த ஒரு பெரிய கணக்குக்குப் பெரும்பாலும் விடை கண்டவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எண்களைப் பற்றி ஆராயும் கணித அறிஞர்கள், அவர்கள் எந்தத் தேசத்தினராயினும், எஸ். எஸ். பிள்ளை என்ற பெயரை அறிவார்கள்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று அமைந்துள்ள ஊர்களின் ஜனங்கள் தங்கள் சீமையைப் பற்றிப் பெருமையுடன் பேசுவதற்கு எத்தனையோ விஷயங்கள் உண்டு. குற்றாலத்து அருவியும் சாரலும் உண்டு. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் வீரம் உண்டு. செங்கோட்டை வாஞ்சிநாதனின் தியாகம் உண்டு. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி சிதம்பரநாத முதலியாரின் தமிழ்ச் சுவை உண்டு. இந்த வரிசையில் பிள்ளையவர்களின் பெயரும் சேர வேண்டும் என்பதே நம் கருத்து. ஊர்ப் பெருமைக்காக மட்டும் இதை நாம் சொல்லவில்லை. ஒரு தேசத்தில் அறிவு எப்படி வளர்கிறது, அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இவருடைய வாழ்க்கை நன்கு காட்டுகிறது.

இளமையும் வறுமையும்

பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் சுப்பையா பிள்ளை. தாயார் கோமதி அம்மாள். பிறந்து ஒரு வருஷம் ஆவதற்குள் தாயாரை இழந்தார். தந்தையாரே அவரை வளர்த்தார். பள்ளிப் படிப்பின் இறுதி வருஷத்தில் தந்தையாரும் காலமானார். தாயுமில்லை, தந்தையுமில்லை, கையில் பொருளுமில்லை. அக்காலத்தில் நம் நாட்டில் இந்த நிலையில் அகப்பட்ட பையன்களில் பெரும்பாலோர் படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் பெரிய அறிஞர்களாக வந்திருக்கக் கூடியவர்கள் என்பதை யாரும் கணக்கெடுத்ததில்லை.

பிள்ளையவர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. சாஸ்திரியார் என்ற ஆசிரியர் ஒருவர் குறுக்கே வந்து தடுத்தார். பையனுடைய புத்திக் கூர்மையையும் உழைப்பையும் கவனித்து வந்த அவர், தம்முடைய சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்து, மாணவனின் படிப்பு நின்றுவிடாமல் காத்தார். அந்நாளில் பள்ளி ஆசிரியர் வாங்கிய சம்பளம் எத்தன்மையது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. தம் குடும்பத்துக்கே போதாத வரும்படியிலிருந்து, உறவுமுறை எதுவுமில்லாத ஒரு பிள்ளைக்காக மாதந்தோறும் ஒரு பங்கை ஒதுக்குவது எளிய காரியமன்று. பின்னாளில் உலகம் போற்றிய ஆராய்ச்சிக்கு முதல் மூலதனம் போட்டவர் இந்த ஆசிரியரே.

நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பை முடித்த பிள்ளையவர்கள், பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து பி.ஏ. பட்டம் பெற்றார். 1927-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. சென்னையில் கே. ஆனந்தராவ், ஆர். வைத்தியநாதஸ்வாமி ஆகிய இரு பேரறிஞர்களின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். ராமானுஜன் அங்கே இருந்த காலத்திலேயே தாமும் அங்கே இருந்தவர். ஆகவே ராமானுஜன் நடந்த பாதையின் சுவடு ஆறுமுன்பே பிள்ளையவர்கள் அதில் கால் வைத்தார் என்று சொல்லலாம்.

1929-ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலை தோன்றியது. அந்த ஆண்டிலேயே பிள்ளையவர்கள் அங்கே கணித விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரையில் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய தலைசிறந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இந்தக் காலத்தில் நிகழ்ந்தவையே. புதிதாகத் தோன்றிய ஒரு சர்வகலாசாலை. மேல்நாட்டு நூல்நிலையங்களில் உள்ள வசதியில் பத்தில் ஒரு பங்கையும் எதிர்பார்க்க இயலாத இடம். அங்கே இருந்துகொண்டுதான் அவர் உலகத்தின் முன்னணியில் இருந்த ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார்.

வேரிங் விட்ட கேள்வி

அந்தக் கேள்வியைச் சாமானிய வாசகரும் புரிந்துகொள்ளலாம்; விடை காண்பதுதான் கடினம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் வருவது வர்க்கம். 1, 4, 9, 16 என்பவை வர்க்கங்கள். எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களைக் கூட்டிப் பெற்றுவிடலாம். நான்குக்கு மேல் ஒருபோதும் தேவையில்லை. உதாரணமாக, 7 என்பது 4, 1, 1, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இதை 1770-ஆம் ஆண்டில் லக்ராஞ்சு என்ற அறிஞர் நிரூபித்தார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்டு வேரிங் ஒரு படி மேலே போனார். மூன்று தடவை பெருக்கி வரும் கன எண்களானால் ஒன்பது போதும். நான்காம் படி எண்களானால் பத்தொன்பது போதும். இப்படியே ஒவ்வொரு படிக்கும் ஒரு வரம்பு உண்டு என்று அவர் எழுதிவைத்தார். நிரூபணம் எதையும் அவர் தரவில்லை.

ஒவ்வொரு படிக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதை 1909-இல் ஜெர்மானிய அறிஞர் ஹில்பெர்ட் நிரூபித்தார். ஆனால் அந்த வரம்பு இன்ன எண் என்று அவருடைய நிரூபணம் சொல்லவில்லை. கடன் உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. எத்தனை ரூபாய் என்று தீர்ப்பாகவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்புப் பின்வந்தவர்கள் தலையில் விழுந்தது.

குறைந்தது எத்தனை வேண்டும் என்பதைக் காண்பது எளிது. ஆறாம் படியை எடுத்துக்கொள்வோம். இரண்டின் ஆறாம் படி 64. மூன்றின் ஆறாம் படி 729. இப்பொழுது 703 என்ற எண்ணை ஆறாம் படி எண்களாகப் பிரிக்கப் பார்ப்போம். 703 என்பது 729-க்குக் குறைவாகையால் 64-ஐயும் 1-ஐயும் தவிர வேறெதையும் பயன்படுத்த இயலாது. பத்து 64-கள் சேர்ந்தால் 640. மிச்சம் 63 ஒன்றுகள். ஆக 73 வேண்டும். ஒன்று குறைந்தாலும் நடவாது. சரி, 73-க்கு மேல் வேண்டிய எண் எங்கேனும் இருக்கிறதா? எண்களுக்கோ முடிவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து மாளாது. முடிவில்லாத எண்கள் அனைத்துக்கும் 73 போதும் என்று தர்க்கத்தினால் நிலைநாட்ட வேண்டும்.

இதற்கு ஒரு வழியை முதலில் திறந்தவர்களில் நம் ராமானுஜனும் ஒருவர். எண்களின் பிரிவினை பற்றி ஹார்டியும் அவரும் 1918-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் தோன்றிய முறையை, ஹார்டியும் லிட்டில்வுட்டும் வேரிங்கின் கேள்விக்குப் பொருத்தினார்கள். பிறகு ரஷ்ய அறிஞர் வினோக்ராதோவ் 1930-களில் அதை மிகவும் கூர்மையாக்கினார். அந்த முறை மிகப் பெரிய எண்களைத்தான் பிடிக்கும். கற்பனைக்கும் எட்டாத ஓர் எல்லைக்கு மேலே உள்ள எண்களுக்கு அது விடை சொல்லும். எல்லைக்குக் கீழே உள்ளவற்றை வேறு யுக்திகளால் ஒரு பக்கமிருந்து கட்டிக்கொண்டு போய் அந்த எல்லையைத் தொட வேண்டும். இன்றுள்ள கம்ப்யூட்டர் அன்று இல்லை. காகிதமும் பேனாவும் பொறுமையுமே கருவிகள்.

சிதம்பரத்தில் பிள்ளையவர்கள் இந்த வேலையில் முனைந்திருந்த அதே சமயத்தில், அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையின் பிரசித்தி பெற்ற பேராசிரியர் டிக்ஸனும் அதில் ஈடுபட்டிருந்தார். டிக்ஸனுக்குப் பெரிய மாணவர் கூட்டம் இருந்தது. பெயரும் வசதியும் இருந்தன. பிள்ளையவர்களுக்கு இவற்றில் ஒன்றுமில்லை. 1936-ஆம் ஆண்டளவில் இருவரும், ஒருவரையொருவர் சாராமல், ஏழாம் படியும் அதற்கு மேற்பட்டவையுமான படிகளுக்கு விடை கண்டார்கள். இன்று கணித நூல்களில் இரு பெயர்களும் சேர்த்தே சொல்லப்படுகின்றன.

படி குறையக் குறைய அந்த முறையின் பலம் குறைகிறது; ஆகவே ஆறாம் படி மேலும் கடினமாக நின்றது. 1940-ஆம் ஆண்டில் அதையும் பிள்ளையவர்கள் தனித்து நின்று வென்றார். எந்த எண்ணுக்கும் 73 ஆறாம் படி எண்கள் போதும் என்று அவர் நிரூபித்தார். ராமானுஜனுக்குப் பிறகு இந்தியக் கணிதத்தில் நிகழ்ந்த மிகச் சிறந்த சாதனைகளில் இது ஒன்று என்பது அறிஞர்களின் மதிப்பீடு. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் வழங்கிக் கௌரவித்தது.

நம் பத்திரிகைகளில் நம் ஆராய்ச்சி

இங்கே முக்கியமான ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்நிய ஆட்சி நடந்த காலம் அது. மேல்நாட்டுப் பத்திரிகையில் வெளிவந்தால்தான் ஆராய்ச்சிக்கு மதிப்பு என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருந்தது. பிள்ளையவர்களோ தம் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையிலும், அண்ணாமலைச் சர்வகலாசாலையின் பத்திரிகையிலும், இவை போன்ற பிற இந்தியப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார். ஆறாம் படியைப் பற்றிய கட்டுரை, பௌதிக விஞ்ஞானி ஸர் சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. ஒளிச் சிதறல் பற்றி 1928-இல் கல்கத்தாவில் செய்த ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற ராமன், நம் நாட்டு ஆராய்ச்சி நம் நாட்டிலேயே அச்சாக வேண்டும் என்று அமைத்த மேடையில், வல்லத்துக் கணித அறிஞர் ஏறி நின்றார். தரம் இருந்தால், உலகம் தானே தேடி வரும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை.

அதே வெளியீட்டில் அதே 1940-ஆம் ஆண்டில் வந்த இன்னொரு கட்டுரையின் விஷயம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுவை தரும். அடுத்தடுத்து வரும் எண்களில் பதினாறோ அதற்குக் குறைவாகவோ எடுத்துக்கொண்டால், அவற்றில் ஓர் எண்ணாவது மற்ற எதனோடும் பொது வகுஎண் இல்லாமல் தனித்து நிற்கும் என்று பிள்ளையவர்கள் நிரூபித்தார். பதினேழு எண்களானால் இந்த விதி தவறிப்போகிறது. 2184 முதல் 2200 வரையுள்ள பதினேழு எண்களை எழுதிப் பாருங்கள். 2189-ஐயும் 2200-ஐயும் 11 வகுக்கிறது. 2197-ஐயும் 2184-ஐயும் 13 வகுக்கிறது. இப்படியே ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு துணை அகப்படும்; தனித்து நிற்பது ஒன்றுமில்லை. பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவே இப்படி ஒரு கோடு இருக்கிறது என்பதை அவர் கண்டார்.

வர்க்கம், கனம் முதலிய படி எண்களை எல்லாம் ஒரே வரிசையில் வைத்தால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று போகும். எட்டும் ஒன்பதும் பக்கத்தில் நிற்கின்றன. வரிசையில் மேலே போகப் போக இடைவெளி எப்படி இருக்கும்? எந்த ஒரு வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும் அது இந்த வரிசையில் ஒரு வரம்புக்கு உட்பட்ட தடவைகளே வர முடியும் என்று பிள்ளையவர்கள் ஊகித்தார். இந்த ஊகம் 1945-இல் கல்கத்தா கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளியாயிற்று. வித்தியாசம் ஒன்றாக இருக்கும் நிலையை மட்டும் 2002-ஆம் ஆண்டில் மிஹைலெஸ்கு என்பவர் முற்றும் தீர்த்தார். எட்டையும் ஒன்பதையும் தவிர வேறு ஜோடி இல்லை என்று காட்டினார். மற்ற வித்தியாசங்களுக்குப் பிள்ளையவர்களின் ஊகம் இன்றும் நிரூபிக்கப்படாமல் நிற்கிறது. அவர் பெயரைத் தாங்கிய அந்தக் கேள்வியோடு உலகெங்கும் அறிஞர்கள் மல்லாடி வருகிறார்கள்.

இதனால் என்ன பிரயோஜனம்?

ஏழை நாட்டுக்கு இத்தகைய ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கல் குவாரியிலும் சுரங்கத்திலும் உழைக்கும் தொழிலாளி சுவாசிக்கும் கல்தூசி, அவன் நுரையீரலை மெல்ல மெல்ல இறுகச் செய்து உயிரையே வாங்குகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்த வியாதியை ஆராய்பவன் ஜனங்களுக்கு உதவுகிறான். எண்களை ஆராய்பவன் யாருக்கு உதவுகிறான் என்பது அவர்கள் வாதம். கேள்வி நியாயமானதே; ஆகவே நேராகப் பதில் சொல்வோம்.

அந்தத் தொழிலாளியின் நுரையீரலை வைத்தியர் எப்படிப் பார்க்கிறார்? 1895-இல் ராண்ட்கன் என்ற பௌதிக சாஸ்திரி கண்ட எக்ஸ்-கதிர்களால் பார்க்கிறார். அந்தக் கதிர்களைப் பல திசைகளில் செலுத்தி, உடலை வெட்டாமலே உள்ளே அடுக்கடுக்காகக் காட்டும் சி.டி. ஸ்கான் 1971-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் தத்துவத்துக்கு அடிப்படையான கணிதத்தை ராடோன் என்ற அறிஞர் 1917-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து அது வைத்தியசாலைக்கு வரும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அப்படியே எண்களைப் பற்றிய சாஸ்திரமும் இன்று வங்கிக் கணக்குகளின் ரகசியத்தைக் காக்கிறது. கணிதம், பௌதிகம், வைத்தியம் என்று பிரித்துச் சொல்வது நம் சௌகரியத்துக்காக, ஊற்று ஒன்றே. ஊற்றுக்கண்ணை அடைத்துவிட்டு வாய்க்காலில் நீரை எதிர்பார்ப்பது புத்திசாலித்தனமாகாது. மேலும், உடனடிப் பயன் இல்லாதிருந்தாலும், தன் மக்களுக்கு உண்மையைத் தேடும் உரிமையை ஒரு தேசம் மறுக்கலாகாது. அடிமைப்பட்டிருந்த நாட்களிலேயே நம்மவர் அந்த உரிமையைக் கைவிடவில்லை.

எதிர்பாராத முடிவு

1941-இல் பிள்ளையவர்கள் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலைக்குப் போனார். மறு ஆண்டு, கல்கத்தா சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக இருந்த லெவி அவரை அழைத்துக்கொண்டார். லெவி, நாஜி ஆட்சியில் யூதர் என்ற காரணத்தால் ஜெர்மனியில் பதவி இழந்து இந்தியாவில் இடம் பெற்றவர். தன் அறிஞரை ஜெர்மனி துரத்தியது. நம் நாடு ஏற்றுக்கொண்டது. அவர் நம் அறிஞருக்கு இடமளித்தார்.

1950-ஆம் ஆண்டில் பிள்ளையவர்களுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், ஐன்ஸ்டீன் பணிபுரிந்து வந்த உயர்தர ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருஷம் தங்கி ஆராய்வதற்கு ஒன்று. ஹார்வர்டு சர்வகலாசாலையில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டில் சென்னைச் சர்வகலாசாலையின் பிரதிநிதியாகக் கலந்துகொள்வதற்கு மற்றொன்று. உள்ளூர்ப் பத்திரிகைகளில் எழுதியவரை உலகம் தேடி வந்துவிட்டது. பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்தில் அவர் புறப்பட்டார். ஆகஸ்டு 31-ஆம் தேதி, கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் அந்த விமானத்தின் எஞ்சின் ஒன்று தீப்பற்றியது. திரும்பி இறங்க முயன்ற விமானம் எகிப்துப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளையவர்களுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. குடியரசாகி ஏழு மாதமே ஆன பாரத நாடு தன் சிறந்த கணித அறிஞர் ஒருவரை இழந்தது.

அவர் விட்டுப்போன வேலையைப் பிறர் முடித்தார்கள். ஐந்தாம் படிக்கு 37 போதும் என்பதைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964-இல் நிரூபித்தார். கடைசியாக மிஞ்சிய நான்காம் படிக்கு வேரிங் சொன்ன பத்தொன்பதே சரி என்பதை 1986-இல் நிரூபித்த மூவரில் ஒருவர், சென்னையில் ஆராய்ச்சி செய்த ஆர். பாலசுப்பிரமணியன், மற்ற இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். அதே பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பிக்க, ராமானுஜன் கணித சங்கம் பிள்ளையவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அறிஞர்கள் தங்கள் கடனைச் செலுத்திவிட்டார்கள்.

இனிச் செலுத்த வேண்டியது பொதுஜனங்களின் கடன். அதற்குப் பெரிய மண்டபங்கள் தேவையில்லை. ராயகிரியிலிருந்து செங்கோட்டை வரையுள்ள பள்ளிக்கூடங்களில் ஏப்ரல் 5-ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள், கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் 2184 முதல் 2200 வரை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் துணையைக் கண்டுபிடிக்கச் சொல்லட்டும். இந்த மலையடிவாரத்தில் பிறந்த ஒருவர் கண்ட உண்மை இது என்று சொல்லட்டும். கணக்கென்றால் அஞ்சும் பிள்ளைக்கும் அது துணிவு தரும். மேலும், வசதியுள்ளவர்கள் தங்கள் ஊரில் தகப்பனை இழந்து படிப்பு நிற்கும் நிலையில் உள்ள ஒரு மாணவனையோ மாணவியையோ தேடிப்பிடித்து, பட்டம் பெறும் வரையில் செலவை ஏற்கட்டும். சாஸ்திரியார் செல்வந்தரல்லர், மாதச் சம்பளக்காரர். அவர் அன்று கையை மூடிக்கொண்டிருந்தால், வல்லத்துச் சிறுவனின் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆறாம் படிக்கு விடை வேறு தேசத்திலிருந்துதான் வந்திருக்கும். அத்தகைய சிறுவர் சிறுமியர் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். சாஸ்திரியார்கள்தாம் வேண்டும்.